சீட்டி கேட்ட காது

முதல் துப்பு கொழுந்தனின் இடது பூட்ஸின் மேல் விழுந்தது.

"அண்ணி, துப்பு கிடைச்சாச்சு," என்றான் அவன், காலைக் குனிந்து பார்த்தபடி.

துப்பியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மஞ்சள் ஹெல்மெட்டும் தோளில் சுருட்டிய கம்பிக் கயிறுமாக, வழியில் கிடக்கும் சேற்றுக் குட்டையைச் சுற்றுவது போல இவர்களைச் சுற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் நடந்தார். பின்னால் வந்த நாலு பேரும் அதேபோல் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் துப்பவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

"துடைச்சுட்டு வா," என்றாள் அண்ணி. "இன்னும் வரும்."

அவளுக்கு அவன் கணவனின் தம்பி. கட்டியவன் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, எடுத்துப்போகக் கூடாது என்று அவள் மல்லுக்கு நின்ற பொருள்கள் இரண்டு. ஒன்று தையல் மிஷின், இன்னொன்று கொழுந்தன். தையல் மிஷினை மூலையில் வைத்துவிட்டு, மிச்சமிருந்த இடத்தில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். அலுவலகத்தில் மேஜை இரண்டு, வாய் ஒன்றரை. அந்த ஒன்று கொழுந்தனுடையது.

அன்று காலையில் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"எங்கப்பா ஒரு ஆளைக் கொன்னுட்டார்னு போலீஸ் பிடிச்சு வச்சிருக்கு. சாட்சி சொன்னது யார் தெரியுமா? என் வீட்டுக்காரர்."

கொழுந்தனுக்கு வாய் வரை வந்த பகடி அப்படியே உள்ளே போனது.

"அப்பா என்ன சொல்றார்?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறார். இல்லைன்னும் சொல்லலை, ஆமான்னும் சொல்லலை."

"நான் விசாரிச்சா ரெண்டு பேர்ல ஒருத்தர் மாட்டலாம். யார் மாட்டினா பரவாயில்லை?"

"ரெண்டு கண்ணுல எதைக் குத்தலாம்னு கேக்கறீங்க," என்றாள் அவள். "இப்பவே ரெண்டும் தெரியலைங்க. செத்துப் போனவரோட மனைவி நேத்து எங்க வாசல்ல மண்ணை வாரித் தூத்திட்டுப் போனாங்க. நான் அழக்கூட இல்லை. யாருக்காக அழறதுன்னு தெரியலை."

அவள் சொன்ன கதை இதுதான். ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள். மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் பறக்கப்போகிற ரயிலுக்கு. தோண்டுவது ஒரு ராட்சச மிஷின். அதன் முகம் முழுக்க இரும்புப் பல். பல் தேய்ந்தால் ஆள் முன்னால் போய் மாற்ற வேண்டும். அங்கே சேறும் ஆற்று நீரும் உள்ளே பாயாமல் இருக்க, காற்றை அழுத்தி அடைத்து வைத்திருப்பார்கள். அந்த அழுத்தத்துக்குள் போகவும் வரவும் இரும்பாலான ஓர் அறை. ஆட்கள் அதைக் 'காத்து ரூம்' என்பார்கள். வெளியே வரும்போது வால்வைத் துளித்துளியாகத் திறந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறப்போட்டுத்தான் ஆளை எடுக்க வேண்டும். அவளுடைய அப்பா அந்த வால்வைப் பார்த்துக்கொள்பவர். சம்பவத்தன்று யாரோ வால்வை ஒரே திருப்பாகத் திறந்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர் பிணமாக வந்தார். அவருக்குப் பட்டப்பெயர் குயில். தாடியும் தொப்பையுமான ஆள். ஆனால் எந்நேரமும் வாயில் சீட்டி.

"பல் டாக்டர் வேலையில உயிர் போகும்னு இப்பத்தான் கேள்விப்படறேன்," என்றான் கொழுந்தன். அவள் சிரிக்கவில்லை.

சுரங்கத்தின் உள்ளே வெக்கையாக இருந்தது. சிமென்ட் வளையங்களை ஒன்றோடொன்று கோத்த நீளமான குழாய், ஓரமாகத் தண்டவாளம், மேலே காற்றுக் குழாய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மிஷினின் வால் தொடங்கும் இடத்தில் ஷிப்ட் சூப்பர்வைசர் இடுப்பில் கை வைத்து நின்றார். எல்லோர் மேலும் சேறு இருந்தது. அவர் சட்டையில் மட்டும் இஸ்திரி மடிப்பு.

"யார் உள்ளே விட்டது உங்களை?"

"இறந்தவர் குடும்பமும் எதிர்க்கலை, போலீசும் தடுக்கலை," என்றாள் அண்ணி. "நீங்க ஏன் தடுக்கறீங்க?"

"இங்க மிஷின் நின்னா மேலே பதில் சொல்றவன் நான். கிழவன் தூங்கி வழிஞ்சான், வால்வைத் திறந்து விட்டான், ஒரு நல்ல தொழிலாளி போயிட்டான். இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"அதைச் சொன்னவரைப் பார்த்துட்டுப் போயிடறோம்."

சூப்பர்வைசர் கையைத் தட்டினார். ஏணியிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். வால்வுக்காரரின் மருமகன். ஒடிசலான உடம்பு, கண்ணுக்குக் கீழே தூங்காத கருமை. வந்தவன் அண்ணியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். சூப்பர்வைசர் நகர்வதாகத் தெரியவில்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டு வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க தம்பி."

"அன்னிக்கு... நானும் குயிலண்ணனும்தாங்க உள்ளே போனோம். பல்லு மாத்தினோம். எனக்கு மூக்குல ரத்தம் வந்துது. அதனால நான் முதல்ல வந்துட்டேன். அந்த ரூம்ல ரெண்டு பக்கம் இருக்குங்க, ஒருத்தர் உள்ளே இருக்கறப்பவே இன்னொருத்தர் வெளியே வரலாம்."

"நீங்க வர்றப்ப அவர் எப்படி இருந்தார்?"

மருமகன் கைகளைக் கட்டிக்கொண்டான். "எவ்விதக் குறையுமின்றி, வழக்கம்போல் சீட்டியடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார்."

"என்னங்க இது?" என்றான் கொழுந்தன். "திடீர்னு ரேடியோவுல செய்தி வாசிக்கறீங்க?"

மருமகனின் காது மடல் சிவந்தது. அண்ணி அதைக் கவனிக்காதவள் போல அடுத்த கேள்விக்குப் போனாள். "அப்புறம்?"

"அப்புறம் மாமா வால்வைத் திறந்துட்டார்."

"நீங்க பாத்தீங்களா?"

"அங்க வேற யார் இருந்தாங்க?"

"நான் கேட்டது அது இல்லையே."

"வேற யாரும் இல்லைங்க," என்றான் அவன். குரல் தரையோடு தரையாக இருந்தது.

"இந்த வேலையில எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமா உள்ளே போறேன்."

"மாமனார்கூட ஏதாவது மனஸ்தாபம்?"

"எங்க வீட்டுல கைக்குழந்தை. நான் நைட் ஷிப்ட் போனா, வந்து படுத்துக் காவல் காக்கறவர் அவர்தாங்க." இதைச் சொல்லும்போது முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். உடனே சூப்பர்வைசரைப் பார்த்தான். மறுபடி தரை.

அந்தச் சமயத்தில் மேலே எங்கிருந்தோ ஒரு ஸ்பேனர் விழுந்தது. கொழுந்தனின் ஹெல்மெட்டுக்கும் அண்ணியின் தோளுக்கும் இடையில் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து இரும்புப் பலகையில் மோதி எகிறியது. மேலே ஏழெட்டு முகங்கள். ஒன்றிலும் பதற்றம் இல்லை.

"கை வழுக்கிருச்சு," என்றது ஒரு குரல்.

"எங்களுக்கும் கால் வழுக்கி வெளியே போயிடணும்னு சொல்றீங்க, புரியுது," என்றான் கொழுந்தன்.

அண்ணி ஸ்பேனரை எடுத்து, துடைத்து, ஏணிப்படியில் வைத்தாள். "குயில் எப்படிப்பட்டவர்?" என்று மேலே பார்த்துக் கேட்டாள்.

"நாங்க வேலையில இருக்கோம்."

"அவருக்காகத்தான் வந்திருக்கோம்."

"அந்தக் கிழவனைக் காப்பாத்த வந்திருக்கீங்க. போயிருங்க."

திரும்பி நடக்கும்போது யாரோ ஹோஸ் குழாயைத் திறந்துவிட்டார்கள். சேற்று நீர் கணுக்கால் வரை ஓடி வந்தது. கொழுந்தனின் பூட்ஸ் ஒருவழியாகச் சுத்தமானது.

"அண்ணி, இவங்க நம்மளை வெறுக்கறாங்களா, இல்லை எல்லாரையுமே வெறுக்கறாங்களா?"

"பயப்படறாங்க தம்பி. பயந்தவன் முகமும் வெறுக்கறவன் முகமும் ஒரே அச்சு. கிட்டப் போய்ப் பாத்தாத்தான் வித்தியாசம்."

"நான் கிட்டப் போகலை. எனக்கு ஒரு தலைதான் இருக்கு."

சுரங்க வாயை ஒட்டித் தகரக் கூரையில் ஒரு மருத்துவ அறை இருந்தது. அதன் பாதியை ஒரு வெள்ளை இரும்பு உருளை அடைத்துக்கொண்டிருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் காது அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்க்கும் அறை. சுரங்கத்தில் இருக்கும் காத்து ரூமின் தங்கை. நர்ஸ் இவர்களைப் பார்த்ததும் எழுந்து கதவருகே வந்தாள். வரவேற்க அல்ல, வழியை அடைக்க.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ரெண்டு பிள்ளைங்க படிக்குது எனக்கு."

"நான் இன்னும் எதுவும் கேக்கலையே," என்றாள் அண்ணி.

"கேக்கப் போறீங்க."

"ஒரே ஒரு கேள்வி. குயில் எப்பவும் சீட்டியடிப்பாராமே. காத்து ரூமுக்குள்ளேயும் அடிப்பாரா?"

நர்ஸின் கை கதவுப் பிடியில் நின்றுபோனது. ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "நான் சொன்னா அது நான் சொன்னதா ஆகும். நீங்களே உள்ளே போய்ப் பாத்தா, நீங்க பாத்ததா ஆகும்," என்றாள்.

"பாக்கறோம்," என்றாள் அண்ணி.

"நான் வெளியே நின்னு காவல்..." என்று கொழுந்தன் ஆரம்பித்தான்.

"சீட்டியடிக்கத் தெரிஞ்சவன் நீதான். ஏறு."

நர்ஸ் இருவருக்கும் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். சளி இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டாள். "மூக்கைப் பிடிச்சுட்டு ஊதிட்டே இருங்க. காது வலிச்சா உடனே கையைத் தூக்குங்க. ஆத்துக்கு அடியில இருக்கற அதே அழுத்தம் வைக்கறேன், கொஞ்ச நேரத்துக்கு. வெளியே எடுக்கறப்ப மட்டும் என்னை அவசரப்படுத்தாதீங்க. சோடா பாட்டிலைப் படக்குன்னு திறந்தா பொங்குமே, அப்படித்தான் உடம்புல ரத்தமும்."

"நம்பிக்கையா நாலு வார்த்தை சொல்லுங்கன்னா..." என்றான் கொழுந்தன். கனமான கதவு அவன் வாக்கியத்தைப் பாதியில் நறுக்கியது.

காற்று உள்ளே சீறியது. அறை சட்டென்று சூடானது. காதுக்குள் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவது போலிருந்தது. மூக்கைப் பிடித்து ஊதினான், படக் என்று திறந்தது, மறுபடி அழுத்தியது. சீறல் நின்றபோது காற்றே கெட்டியாகிவிட்டது போலத் தோன்றியது. கையை அசைத்தால் விரலிடுக்கில் தட்டுப்பட்டது.

"அண்ணி," என்றான். வந்தது அவன் குரல் இல்லை. மூக்கடைத்த வாத்தின் குரல்.

எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி, அவளும் ஒரு வாத்தாகி, "பாட்டு ஒண்ணு அடி," என்றாள்.

கொழுந்தனின் சீட்டி ஊரறிந்தது. பஸ் நிலையத்தில் அவன் அடித்தால் எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸும் நிற்கும். உதட்டைக் குவித்தான். ஊதினான்.

புஸ்.

இன்னொரு தடவை. நாக்கை மடித்து, இரண்டு விரலை வாயில் வைத்து, கண் பிதுங்க ஊதினான். பஞ்சரான டயரிலிருந்து வருவது போல வெறும் காற்றுதான் வந்தது. எப்படி முயன்றாலும் சீட்டி வரவில்லை.

அண்ணி கண்ணாடித் துளை வழியாக நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் தலையை ஆட்டவில்லை, அசைக்கவில்லை. கண்ணை மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தாள்.

வெளியே வருவதுதான் அரசாங்க ஆபீஸில் கையெழுத்து வாங்குகிற வேலையாக இருந்தது. காற்றைச் சிறிது சிறிதாக விட விட அறைக்குள் பனிமூட்டம் எழுந்தது. சற்றுமுன் வியர்த்த உடம்பு நடுங்கியது. பற்கள் தந்தியடிக்க, கொழுந்தன் கேஸை முடித்துவைத்தான்.

"அண்ணி! உள்ளே சீட்டியே வராது. அப்ப அந்த மருமகன் சொன்னது பச்சைப் பொய். அவன் உள்ளே போகவே இல்லை. உள்ளே போகலைன்னா எங்க இருந்தான்? வெளியே. வெளியே என்ன இருக்கு? வால்வு!" சொல்லும்போது பெருமையாக இருந்தது. சொல்லி முடித்ததும், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. "ஐயோ," என்றான். "ஒரு கண்ணைக் குத்திட்டோமா?"

"நீ சொன்னதுல பாதி சரி."

"எந்தப் பாதி?"

"வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு," என்றாள் அண்ணி. "ஷிப்ட் மாறுற நேரத்துக்கு வரச் சொல்லு. ரெண்டு ஷிப்ட் ஆளும் இருக்கணும்."

ஷிப்ட் மாறும் கொட்டகையில் ஒரு பக்கம் குழாய்கள், ஒரு பக்கம் அலமாரிகள். சேற்றைக் கழுவுகிறவர்களும் சேற்றுக்குக் கிளம்புகிறவர்களுமாக முப்பது, நாற்பது பேர். இன்ஸ்பெக்டர் கடுகடுப்போடு வந்தார்.

"எனக்கு வேற வேலை இல்லைன்னு நினைச்சீங்களா?"

"கேஸை முடிச்சுக்கறோம் சார்," என்றாள் அண்ணி, எல்லோர் காதிலும் விழும்படி. "வால்வுக்காரர்தான் செஞ்சிருக்கார். எனக்குச் சந்தேகம் இல்லை."

கொழுந்தன் அவளை வாய் பிளந்து பார்த்தான். கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. அலமாரி ஓரமாக நின்ற மருமகன் கண்ணை இறுக மூடினான். சூப்பர்வைசரின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சிரிப்பு முளைத்தது.

"இதைச் சொல்லவா இவ்வளவு கூட்டம்?" என்றார்.

"ஒரே ஒரு ஓட்டை இருக்குங்க. அதை அடைச்சுட்டுப் போகலாம்னுதான். சாட்சி யாரு? சொந்த மருமகன். கோர்ட்டுல வக்கீல் எழுந்து, 'இது மாமனார்-மருமகன் சண்டை, பழி வாங்கறான்'னு ஒரு வார்த்தை போட்டா, கிழவர் கையை வீசிட்டு வீட்டுக்குப் போயிடுவார். அப்புறம் போலீஸ் மறுபடி முதல்லேர்ந்து வரும். குயில் நல்லா இருந்தார், சீட்டியடிச்சுட்டு இருந்தார்னு சொல்ல ஒரு காது பத்தாது. ரெண்டாவது காது இருந்தாத் தேவலை."

"ஏன், நான் இல்லையா?" என்றார் சூப்பர்வைசர்.

"நீங்க கேட்டீங்களா?"

"உள்ளே ஒரு போன் இருக்கு. இவன் வெளியே வந்ததும் நானே கூப்பிட்டேன். 'எப்படி இருக்கே'ன்னேன். சீட்டியடிச்சுக்கிட்டே பதில் சொன்னான்."

"நல்லாக் கேட்டுச்சா?"

"கணீர்னு."

"என்ன பாட்டுங்க?" என்று கேட்டாள் அண்ணி, ஏதோ ரசிகை போல.

"ஒரு பழைய மெலடி. அவன் எப்பவும் அடிக்கறதுதான்."

"இன்ஸ்பெக்டர் சார், கேட்டுக்கிட்டீங்களா?"

"காது கேக்குதும்மா எனக்கு. மேலே சொல்லுங்க."

கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை ஒவ்வொன்றாக மூடினார்கள். அண்ணி அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"உங்க யாரையும் நான் பேசச் சொல்லலை. பேசினா வேலை போகும்னு தெரியும். காத்து ரூமுக்குள்ளே வேலை பாத்தவங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க. உள்ளே இருக்கறப்ப சீட்டியடிக்க முடியும்னு நினைக்கறவங்க மட்டும் கையைத் தூக்குங்க. போதும்."

ஒரு கையும் எழவில்லை.

சூப்பர்வைசரின் கை மட்டும் பாதி எழுந்தது. சுற்றிலும் பார்த்தார். முப்பது நாற்பது ஜோடிக் கைகள் தொங்கியபடியே இருந்தன. அத்தனை கண்களும் அவர் மேல். எழுந்த கை எங்கே போவது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தது.

"என்ன இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உள்ளே காத்து கெட்டி சார். உதட்டுல சீட்டி வராது. இவனைக் கேளுங்க, ஊதி ஊதிக் கன்னம் வீங்கிருக்கு. இது இங்க வேலை பாக்கற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரைத் தவிர."

சூப்பர்வைசர் ஒரே எட்டில் மருமகனின் சட்டையைப் பிடித்தார். "இவன்தான் சொன்னான்! எல்லாம் இவன் கட்டின கதை! இவன் உள்ளே போகவே இல்லை!"

"உள்ளே போகலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அண்ணி. "ஷிப்ட் நோட்டுல ரெண்டு பேர் போனதா எழுதி வச்சிருக்கறது நீங்கதானே?"

பிடித்த கை தளர்ந்தது.

கொழுந்தனுக்கு அப்போதுதான் அந்த இன்னொரு பாதி விளங்கத் தொடங்கியது. அண்ணி அவனைப் பார்த்தே சொன்னாள்: "ஆறு வருஷமா உள்ளே போறவன் தம்பி அவன். பொய் சொல்லணும்னா, பாடிட்டு இருந்தார்னு சொல்லுவான், தூங்கிட்டு இருந்தார்னு சொல்லுவான். சீட்டின்னு ஒரு நாளும் சொல்ல மாட்டான். அது உள்ளே காலே வைக்காதவன் தயாரிச்ச பொய். 'எவ்விதக் குறையுமின்றி அமர்ந்திருந்தார்'. மனுஷன் பேசற பேச்சா அது? மனப்பாடம். அவன் ஒப்பிக்கறப்ப நான் அவனைப் பாக்கலை. பக்கத்துல நின்ன வாத்தியாரைப் பாத்தேன். வாயில எதையோ மெல்றார்னு நீ நினைச்சே. அவன் சொல்லச் சொல்ல அவர் உதடும் கூடவே அதையே சொல்லிட்டு இருந்துச்சு."

மருமகன் அலமாரியில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"எனக்கு அன்னிக்கு சளிங்க. உள்ளே போக முடியாது. ஒரு ஆள் போதும்னு இவர்தான் குயிலண்ணனைத் தனியா அனுப்பினார். ரெண்டு ஆள் இல்லாம அனுப்பக் கூடாதுங்க. காத்து சீறுற சத்தம் கேட்டு நான் ஓடி வந்தேன். வால்வு முழுசாத் திறந்து கிடக்குது. ஒருத்தரும் இல்லை. மூடினேன். மூடிட்டு இருக்கறப்ப மாமா ஓடி வந்தார். என்னைப் பாத்தார். நான் அவரைப் பாத்தேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "அப்புறம் இவர் வந்தார். 'உன் மாமன் பண்ணின வேலை. நீ அவன்கூட உள்ளே இருந்ததாச் சொல்லலைன்னா, வால்வுல கை வச்சவன் நீன்னு ஆயிடும். கைக்குழந்தை இருக்கில்லே'ன்னார்."

"பொய்!" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் முன்னால் வந்தார். காலையில் கொழுந்தனின் பூட்ஸில் துப்பியவர். "ரப்பர் வளையம் எடுத்துட்டு வான்னு பெரியவரை ஸ்டோருக்கு அனுப்பினது இவர்தான்," என்றார். "இவர் சொன்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். எந்த வளையமும் கெட்டுப் போகலைங்க அன்னிக்கு. அவர் போனப்பறம் வால்வுகிட்ட நின்னது இவர் மட்டும்தான்."

"நானும் பாத்தேன்," என்றது இன்னொரு குரல். பிறகு இன்னொன்று.

சூப்பர்வைசர் பின்னால் நகர்ந்தார். அங்கேயும் ஆட்கள் நின்றார்கள்.

"மேலேயிருந்து நிமிஷத்துக்கு ஒரு போன்!" என்று வெடித்தார். "மிஷின் ஏன் நிக்குது, மிஷின் ஏன் நிக்குதுன்னு! ஒருத்தன் சாவகாசமா வெளியே வர்ற வரைக்கும் அத்தனை பேரும் கையைக் கட்டிட்டு நிக்கணுமா? கொஞ்சம் வேகமாத் திறந்தேன். அவ்வளவுதான். செத்துப் போவான்னு யார் கண்டா?"

"வால்வு மேலேயே எழுதியிருக்குங்க," என்றார் துப்பியவர் அமைதியாக. "சிவப்பு எழுத்துல."

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். இரண்டு ஷிப்ட் ஆட்களும் வழி விடவே இல்லை. அவர் ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டு விலக்கித்தான் சூப்பர்வைசரை ஜீப் வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. கொழுந்தனுக்கு அதைப் பார்க்க அடியை விடப் பயமாக இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் வால்வுக்காரரை வெளியே விட்டார்கள். காவல் நிலையத்து வாசலில் மகள் நின்றாள். சற்றுத் தள்ளி, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மருமகன். பெரியவர் படியிறங்கி வந்து மருமகன் முன்னால் நின்றார். சட்டைப் பையில் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வால்வு மேல கை வச்சுட்டு நின்னியேப்பா," என்றார். அத்தனை நாள் பேசாத தொண்டை கரகரத்தது.

"மூடத்தான் மாமா வச்சேன்."

"நீ பண்ணிட்டேன்னு நினைச்சேன்."

"நானும் நீங்கன்னுதான்..."

"கேட்டிருக்கலாமேப்பா."

"நீங்களும் கேட்டிருக்கலாமே மாமா."

கொழுந்தன் பெருமூச்சு விட்டான். இரண்டு கண்ணும் பிழைத்துவிட்டன என்றுதான் அவனுக்குத் தோன்றியது. அண்ணியைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். அவள் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் கேக்கலை, சரி," என்றாள். குரல் உயரவில்லை. கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க பண்ணிட்டீங்கன்னு நினைச்சு அப்பா வாயை மூடிட்டு உள்ளே போனார். அவர் பண்ணிட்டார்னு நினைச்சு நீங்க வாயைத் திறந்து அவரை உள்ளே அனுப்பினீங்க. ரெண்டும் ஒண்ணாங்க?"

மருமகன் கம்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"பயமுறுத்தினாங்கம்மா அவனை. கைக்குழந்தைக்காரன்," என்றார் பெரியவர்.

"உங்களுக்கும்தான் ஒரு பிள்ளை இருந்துச்சு அப்பா. நான்."

ஆட்டோ வந்து நின்றது. அவள் அப்பாவின் துணிப்பையை வாங்கி உள்ளே வைத்து, அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, தானும் ஏறிக்கொண்டாள். பெரியவர் ஓரமாக ஒதுங்கி, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார். மருமகன் ஒரு அடி எடுத்து வைத்தான்.

"நீங்க பஸ்ல வாங்க," என்றாள் மகள்.

ஆட்டோ புறப்பட்டது. பெரியவரின் தலை மட்டும் பின்பக்கம் திரும்பியபடியே தெரு முனை வரை போனது.

"என்ன தம்பி, ஒண்ணும் சொல்லாம இருக்கே?" என்று கேட்டாள் அண்ணி.

"சொல்ற மாதிரி ஒண்ணும் தோணலை அண்ணி." அவன் கம்பத்தடியில் நின்றவனைப் பார்த்தான். "வாங்கன்னு தானே சொன்னா? வராதீங்கன்னு சொல்லலையே?"

"வாங்கன்னுதான் சொன்னா."

கொழுந்தன் கம்பத்தடிக்குப் போனான். பஸ் நிறுத்தம் எதிரே, பார்வைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. இரண்டு பஸ் வந்து போயாயிற்று.

"உங்க பஸ் எதுங்க?" என்று கேட்டான்.

மருமகன் நிறுத்தத்தைக் கையால் காட்டினான். வழியெல்லாம் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. கால்தான் நகரவில்லை. கொழுந்தன் அவன் முழங்கையைப் பிடித்துத் தெருவைக் கடக்கவைத்து, மூன்றாவது பஸ்ஸுக்குக் கையைக் காட்டினான்.